கழுகுக் கூட்டருகே கமராவுடன்

பாலை நிலத்தின் கருப்பொருள்களை வகுத்த நம் முன்னோர் அந்நிலத்துப் பறவைகளாகப் பருந்தையும் எருவையையும் கழுகையும் குறித்தனர். நீர் வற்றி, நிழல் அற்று, மனித நடமாட்டம் அருகிய வழிகளில் உச்சி வானத்தே வட்டமிடும் இப்பறவைகளை நேரிற் கண்டு அறிந்தவர்களே இவ்வாறு வகுத்திருத்தல் வேண்டும். ஊனுண்ணும் பெரும் பறவைகள் மனிதனை விட்டு விலகியே வாழ்வன. மலை முகடும், கடலோரப் பாறையும், நெடுங்காடும், சதுப்பு வெளியுமே அவற்றின் வாழிடங்கள்.

இன்று கழுகொன்றைக் காண நாம் அத்தகைய இடங்களுக்குச் செல்ல வேண்டியதில்லை. நாட்காட்டியிற் காண்கிறோம், பாடநூலிற் காண்கிறோம், சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியிலும் காண்கிறோம். வளைந்த அலகும், மஞ்சட் கண்ணும், கூட்டிலே வாய் பிளந்து நிற்கும் வெண்பஞ்சுக் குஞ்சும் நமக்குப் பழகிப்போன காட்சிகள். ஆயினும், அப்படத்தை எடுத்தவர் எங்கே இருந்து எடுத்தார், எத்தனை நாள் காத்திருந்தார், அதற்காக அவர் இழந்தது என்ன, அப்பறவை இழந்தது என்ன என்று நாம் கேட்பதில்லை. பறவைப் படங்களுக்காகத் தம் கண்களில் ஒன்றையே இழந்த ஒருவரின் வரலாற்றை நடுவாக வைத்து இவ்வினாக்களை இங்கு ஆராய்வோம்.

துப்பாக்கி போய்க் கமரா வந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பறவை நூல் பயில்வோரின் முதற் கருவி துப்பாக்கியே. பறவையைச் சுட்டு வீழ்த்துவர். தோலை உரித்துப் பஞ்சு அடைப்பர். அலகையும் சிறகையும் அளந்து குறிப்பர். நம் நாட்டுப் பறவைகளைப் பற்றி வின்சென்ட் லெக் என்னும் பிரித்தானியப் படை அதிகாரி 1880இல் வெளியிட்ட பெருநூல் இன்றும் போற்றப்படுவது. அதிலுள்ள அழகிய வண்ணப் படங்கள், ஓவியர் கியூலமன்ஸ் பாடம் செய்த பறவைகளைப் பார்த்து வரைந்தவை. அன்று வேறு வழி இருக்கவில்லை. செல்வந்தர் பலர் முட்டைகளைச் சேகரிப்பதையும் ஒரு பொழுதுபோக்காகக் கொண்டிருந்தனர். அரிய பறவையின் முட்டைக்கு விலை மிகுதி. எனவே, எப்பறவை அருகி வந்ததோ அதன் கூடே முதலிற் கொள்ளை போயிற்று.

இந்நிலையிலேதான் இங்கிலாந்தின் யோர்க்ஷயர் மாகாணத்திற் பிறந்த றிச்சர்ட் கேர்ட்டன், செரி கேர்ட்டன் என்னும் சகோதரர் இருவர் புதுவழி கண்டனர். 1892ஆம் ஆண்டு முட்டைகளோடு கூடிய கூடொன்றை, இருந்த இடத்திலேயே இருக்கவிட்டுப் படம் பிடித்தனர். 1895இல் அவர்கள் வெளியிட்ட நூல், பறவைக் கூடுகளை இயற்கை நிலையில் எடுத்த நிழற்படங்களாலேயே விளக்கிய முதல் நூலாகும். பறவையின் அருகே செல்வதற்கு அவர்கள் கையாண்ட உபாயங்கள் நகைப்புக்கும் வியப்புக்கும் உரியன. எருது ஒன்றின் தோலுக்குள் மரச் சட்டம் பொருத்திப் பொய் எருது செய்தனர். ஒருவர் கமராவுடன் அதனுள்ளே குனிந்து நின்று, எருதின் உடலில் இட்ட துவாரம் வழியாகப் படம் எடுப்பார். மேயும் எருதைக் கண்டு பறவை அஞ்சாது. பொய்க்கால் குதிரை ஆட்டத்தைக் கண்டு பழகிய நமக்கு இது புதுமை அன்றாயினும், அந்த எருதுக்குள் மணிக்கணக்கிற் குனிந்து நின்ற முதுகு பட்ட பாட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கழுகை அணுகுவது ஏன் அரிது?

வயல்வெளிச் சிறு பறவைகளுக்கு எருது வேடம் போதும். கழுகுக்குப் போதாது. இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, அதன் பார்வை. பெருங் கழுகுகளின் கண் மனிதக் கண்ணிலும் இரு மடங்குக்கு மேற் கூர்மை உடையது. நம் விழித்திரையில் மிகத் தெளிவாகக் காணும் குழி ஒன்றே உண்டு. கழுகுக்கோ ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு. மலைச்சரிவில் ஒருவர் ஏறி வருவதை, அவர் கழுகைக் காணுமுன்னரே கழுகு கண்டுவிடும்.

இரண்டாவது, அதன் தொகை. ஊன் உண்ணும் உயிர்கள் எங்கும் குறைவாகவே இருக்கும். ஒரு சோடிப் பொன்னிறக் கழுகுகளுக்கு இரை தேடப் பல சதுரமைல் நிலம் வேண்டும். முயலும் காட்டுக்கோழியும் நிறைந்த நிலத்திலும் அடுத்த கூடு மைல்களுக்கு அப்பாலேயே இருக்கும்.

மூன்றாவது, அது கூடு கட்டும் இடம். செங்குத்தான பாறை விளிம்பு, அல்லது நெடுமரத்தின் உச்சி. ஒரே கூட்டை ஆண்டாண்டாகப் புதுப்பித்துச் சுள்ளிகளை அடுக்குவதால் சில கூடுகள் ஓர் ஆள் உயரத்துக்கும் வளர்ந்து விடுவதுண்டு.

ஸ்கொத்லாந்தின் மேட்டு நிலங்கள் இக்கழுகுகளுக்குப் பேர் பெற்றவை. மரம் அற்ற மலைகள், கோடையிலும் பனி கரையாத பள்ளங்கள், நாளுக்கு நாலு முறை மாறும் வானிலை. அங்கே சேற்றன் கோர்டன் என்பார் (1886–1977) சிறுவயது முதலே கழுகுகளைத் தொடர்ந்து சென்று குறிப்பெடுத்தும் படமெடுத்தும் வந்தார். எக்காலமும் தம் நாட்டு மரபுடையான கில்ட் என்னும் பாவாடையையே அணிந்து மலை ஏறியவர் அவர். மனைவி ஓட்றியும் அவருடன் கூட்டருகே மறைந்திருந்து கழுகுகளின் இல்வாழ்வைக் கண்டறிந்தார். 1927இல் வெளிவந்த கோர்டனின் நூல், பொன்னிறக் கழுகைத் துப்பாக்கியின்றி அறிய முடியும் என்பதை உலகுக்குக் காட்டியது.

அவ்வாறு மறைந்திருந்தவர்கள் கண்டவை யாவும் இனிமையானவை அல்ல. பொன்னிறக் கழுகு பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். ஏறக்குறைய நாற்பத்து நான்கு நாள் அடைகாத்தபின், ஒரு குஞ்சு சில நாள் முந்திப் பொரிக்கும். முந்தியது பிந்தியதைக் கொத்தித் துன்புறுத்தும்; இரையை நெருங்க விடாது தடுக்கும். பல கூடுகளில் இளையது இறந்தே போகும். தாய்ப்பறவை இதனைத் தடுப்பதில்லை. மறைவிடத்தில் இருப்பவர் கை நீட்டிக் காப்பாற்ற எண்ணுவது இயல்பு. ஆயின் இரை குறைந்த ஆண்டிலே ஒரு குஞ்சையாவது பிழைக்கச் செய்வதற்கு இயற்கை வகுத்த வழி இது என்பர் உயிரியலார். பார்க்க வந்தவர் பார்ப்பதோடு நிற்றல் வேண்டும் என்பதே இத்துறையின் முதற்பாடம்.

மறைவிடம் அமைக்கும் முறை

கழுகுப் படத்தின் பெருமை கமராவில் இல்லை, மறைவிடத்திலேயே உள்ளது. ஓர் ஆள் முக்காலியில் அமர்ந்திருக்கப் போதுமான நாலு கழிகளும், அவற்றைச் சுற்றிய முரட்டுத் துணியும், கமராவின் கண் வெளியே தெரிய ஒரு துளையும் இருந்தால் மறைவிடம் ஆயிற்று. பாறையிலாயின் கற்களையும் புற்கரணைகளையும் அடுக்குவர். மர உச்சிக் கூடாயின், அதற்கு ஈடான உயரத்துக்குச் சாரம் கட்டி, அதன்மேற் கூடாரம் அமைப்பர்.

இதனை ஒரே நாளிற் கட்டிவிடுதல் ஆகாது. முதல் நாள் தூரத்திலே சிறு குவியலாகத் தொடங்குவர். பறவை அதனை ஏற்றுக்கொண்டு கூட்டுக்குத் திரும்புகிறதா என்று தொலைநோக்கியாற் பார்ப்பர். திரும்பினால் இரண்டொரு நாள் கழித்துச் சற்று உயர்த்துவர்; பின்னர்ச் சற்று அருகே நகர்த்துவர். திரும்பாவிடின் வேலையைக் கைவிட்டு விலகுவர். கூட்டருகே செல்லும் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களுக்கு மேல் நில்லார். கமராவின் இடத்தில் முன்னதாகவே வெறும் போத்தலின் அடிப்பகுதியைப் பொருத்தி, அந்தப் பளபளப்புக்குப் பறவையைப் பழக்குவோரும் உண்டு. இங்ஙனம் ஒரு மறைவிடம் முற்றுப்பெற ஒரு கிழமையும் ஆகலாம். மூன்று கிழமையும் ஆகலாம்.

அதன்பின் உள்ளே புகும் தந்திரம் ஒன்று உண்டு. படம் எடுப்பவர் தனியே சென்று நுழைந்தால், உயரத்திலிருந்து பார்க்கும் கழுகு அவர் வெளியே வரும்வரை கூட்டை அணுகாது. ஆகவே இருவராகச் செல்வர். ஒருவர் உள்ளே புகுந்துகொள்ள, மற்றவர் கையை வீசிக்கொண்டு வெளிப்படையாகத் திரும்பி நடந்து செல்வார். ஆட்கள் போய்விட்டனர் என்று எண்ணிப் பறவை இறங்கி வரும். பறவைக்கு எண்ணத் தெரியாது என்பதையே இத்தந்திரம் நம்பி நிற்கிறது. மாலையில் அவரை அழைத்துச் செல்லவும் துணைவர் வர வேண்டும். மறைவிடத்திலிருந்து மனிதன் ஒருவன் திடீரென முளைப்பதைக் கழுகு ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு அந்த இடத்தை நம்பாது.

உள்ளே இருப்பவர் நிலை தவத்துக்கு ஒப்பானது. இருமக் கூடாது, எழக் கூடாது, தீக்குச்சி கிழிக்கக் கூடாது. மலையிலே குளிரில் விறைப்பர். தென்னாட்டு வெயிலிலே துணிக்குள் வெந்து வியர்ப்பர். அக்காலத்துக் கமராவிலே ஒரு முறைக்கு ஒரு கண்ணாடித் தகடுதான். படம் எடுத்ததும் தகட்டை மாற்ற வேண்டும். மாற்றும் சத்தத்தில் பறவை பறந்துவிடலாம். ஆதலின் எட்டு மணிநேரம் காத்திருந்து இரண்டு தகடுகளோடு திரும்பிய நாட்களும் உண்டு. அவ்விரண்டிலும் பறவை அசைந்து மங்கியிருந்த நாட்களும் உண்டு.

ஒரு கண்ணின் விலை

நாம் முதலிற் குறித்த அம்மனிதர் எரிக் ஹொஸ்கிங். 1909ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே பெட்டிக் கமரா ஒன்றினாற் பறவைக் கூடுகளைப் படம் எடுக்கத் தொடங்கினார். உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்த காலத்தில், பறவைப் படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டு வாழத் துணிந்தார். அன்று அப்படி ஒரு தொழில் இருந்ததாகவே எவரும் கருதவில்லை.

1937ஆம் ஆண்டு மே மாதம். வேல்ஸ் நாட்டின் டொல்டோலொட் என்னும் ஒதுக்கமான இடத்தில், மரப்பொந்தில் வாழ்ந்த பழுப்பு நிறக் காட்டாந்தைச் சோடி ஒன்றை அவர் படம் எடுத்து வந்தார். கழுகைப் போலவே ஆந்தையும் ஊனுண்ணும் பறவை. குஞ்சு உள்ள காலத்திற் காட்டாந்தை மிகுந்த சீற்றம் உடையது. பொந்துக்கு எதிரே உயர்ந்த சாரம் கட்டி, அதன்மேல் மறைவிடம் அமைத்திருந்தார். ஓரிரவு இருளில் அச்சாரத்தின்மீது மீண்டும் ஏறிச் சென்றபோது, ஆந்தை அவர் முகத்தின்மேற் பாய்ந்தது. ஆந்தையின் சிறகு விளிம்பு மென்மையானது. பறக்கும்போது ஒலி எழாது. எனவே எச்சரிக்கையாக ஒரு சிறகொலிகூட அவருக்குக் கேட்கவில்லை. அதன் நகம் இடக்கண்ணின் நடுவே இறங்கிவிட்டது.

பெனிசிலின் போன்ற மருந்துகள் வழக்கத்துக்கு வராத காலம் அது. காயம்பட்ட கண்ணிலே கிருமி புகுந்தது. ஒரு கண் இவ்வாறு கெடின், அதன் தொடர்பால் நல்ல கண்ணும் பார்வை இழத்தல் கூடும். கண்வைத்தியர்கள் நிலைமையை மறைக்கவில்லை. இடக்கண்ணை எடுத்துவிட்டால் மற்றதைக் காக்கலாம். எடாவிடின் இரண்டும் போகலாம். இருபத்தேழு வயதான ஒரு நிழற்படக்காரரிடம் இவ்வினா விடுக்கப்பட்டது. அவர் கண்ணை எடுத்துவிடுமாறு கூறினார்.

இந்நிகழ்ச்சி பத்திரிகைகளில் வெளிவந்து அவர் பெயர் நாடெங்கும் பரவியது. ஆயின் நாம் கருதத்தக்கது அதன் பின் நடந்ததே. அவர் அந்த ஆந்தையைச் சுட்டுவிடுமாறு கேட்கவில்லை. குஞ்சைக் காக்க எழுந்த தாயின் செயல் அது என்பதை உணர்ந்திருந்தார். தேறியபின் மீண்டும் காட்டாந்தைகளையே படம் எடுக்கச் சென்றார். எஞ்சிய ஒற்றைக் கண்ணோடு மேலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1970இல் எழுதிய சுயசரிதத்துக்கு, பறவையை அறியும் கண் என்றும் பறவைக்குக் கொடுத்த கண் என்றும் இரு பொருள்படும் ஆங்கிலத் தலைப்பைத் தாமே சூட்டினார். 1991ஆம் ஆண்டு காலமானார்.

இருளை வென்ற ஒளி

ஹொஸ்கிங்கின் சிறப்பு துன்பத்தைத் தாங்கியதில் மட்டும் இல்லை. அக்காலத்தில் இரவுப் பறவையைப் படம் எடுக்க, ஒருமுறை எரிந்தவுடன் எறிந்துவிட வேண்டிய ஒளிக்குமிழ்களே இருந்தன. அவற்றின் ஒளி, பறக்கும் சிறகின் வேகத்தை நிறுத்தப் போதாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், பிலிப் ஹென்றி என்னும் பொறியியலாளரின் துணையோடு மின்வெட்டு ஒளிக்கருவியைப் பறவைகளுக்குப் பயன்படுத்தினார். மின்சாரத்தைச் சேமித்து வைத்து, வினாடியின் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஒளியாகக் கொட்டும் கருவி அது. பறவை ஓர் ஒளிக்கதிரைக் கடந்ததும் கமரா தானே இயங்கும் ஏற்பாட்டையும் இருவரும் அமைத்தனர்.

1948ஆம் ஆண்டு அவர் எடுத்த கூகைப் படம் உலகப் புகழ் பெற்றது. சிறகு இரண்டையும் உயர்த்தி, அலகிலே எலி போன்ற சிறு பிராணியைக் கவ்விக்கொண்டு, அரச முத்திரையிற் பொறித்த உருவம் போல அக்கூகை நிற்கிறது. கூகையின் குரலை அபசகுனமென்று அஞ்சி, அதனைச் சாக்குருவி என்று இகழ்வோர் நம்மிடையே இன்றும் உளர். அவர்கள் அப்படத்தைக் காணல் நன்று. ஒரு கூகைக் குடும்பம் ஓராண்டில் எத்தனை எலிகளைக் கொன்று உழவரின் நெல்லைக் காக்கிறது என்பதை அப்படம் சொல்லாமற் சொல்லும்.

ஸ்பெயினின் சதுப்பு வெளியில்

ஸ்பெயின் நாட்டின் தென்கோடியிலே குவாடல்கிவிர் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் தொன்யானா என்னும் பெருவெளி உண்டு. ஒருபுறம் நகரும் மணற்குன்றுகள். மறுபுறம் மாரியில் நிறைந்து கோடையில் வெடிக்கும் சதுப்பு. இடையே தக்கை ஓக் மரங்கள். முற்காலத்தில் பிரபுக்கள் வேட்டையாடிய நிலம் அது. நல்ல பாதைகள் இல்லை. குதிரையும் கோவேறு கழுதையுமே ஊர்திகள். கை மவுண்ட்போர்ட் என்னும் ஆங்கிலேயர் 1950களில் அங்கு மூன்று ஆய்வுப் பயணங்களுக்குத் தலைமை தாங்கினார். 1956, 1957 ஆகிய ஆண்டுகளின் பயணங்களில் ஹொஸ்கிங் படப்பிடிப்பாளராகச் சென்றார். போர்க்காலத்தில் பிரித்தானியப் படையின் தலைமையில் இருந்த அலன்புறூக் பிரபுவும், உயிரியல் அறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லியும் அக்குழுவினருட் சேர்ந்திருந்தனர்.

அங்கு வாழ்ந்த ஸ்பானிய இராஜாளிக் கழுகு உலகின் அரிய கழுகுகளுள் ஒன்று. கருமை படர்ந்த உடலும் வெண்மையான தோள்விளிம்பும் உடையது. ஐபீரியத் தீபகற்பத்தைத் தவிர வேறெங்கும் அது கூடு கட்டுவதில்லை. மர உச்சியிலிருந்த அதன் கூட்டைப் படம் எடுக்க உயர்ந்த மறைவிடங்கள் வேண்டியிருந்தன. பாம்பையே பேருணவாகக் கொள்ளும் இன்னொரு கழுகும் அங்கே படமாயிற்று. தாய் விழுங்கிக் கொணர்ந்த பாம்பின் வாலை, குஞ்சு தாயின் வாயிலிருந்து இழுத்து எடுத்து விழுங்கும் காட்சி அப்பறவைக்கே உரியது.

1958இல் இப்படங்களோடு மவுண்ட்போர்ட்டின் நூல் வெளிவந்தது. அச்சதுப்பை வடித்து விளைநிலம் ஆக்கவும், யூக்கலிப்டஸ் மரங்களை நடவும் திட்டங்கள் இருந்த காலம் அது. ஸ்பானிய உயிரியலாளர் ஹோசே அந்தோனியோ வல்வெர்டே அந்நிலத்தைக் காக்க ஓயாது போராடினார். மவுண்ட்போர்ட்டும் ஹக்ஸ்லியும் வேறு சிலரும் 1961இல் உலக வனஜீவராசிகள் நிதியத்தைத் தோற்றுவித்தபோது, அது முதலில் மேற்கொண்ட பணிகளுள் ஒன்று தொன்யானாவில் நிலம் வாங்குதல். 1969இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. 1994இல் உலக மரபுரிமைத் தலமும் ஆயிற்று. 1960களில் சில பத்துச் சோடிகளாக அருகியிருந்த இராஜாளிக் கழுகு இன்று ஐந்நூறு சோடிகளுக்கு மேற் பெருகியுள்ளது. மின்கம்பங்களிற் பட்டு இறப்பதைத் தடுத்ததும், நஞ்சு வைத்தலை ஒடுக்கியதும் இதற்குப் பெருங் காரணங்கள். படம் மட்டும் கழுகைக் காக்கவில்லை. ஆயினும் காணாத பறவைக்காக எவரும் பணம் தருவதில்லை. தொலைநாட்டுச் சதுப்பொன்றைப் பல்லாயிரம் பேரின் கண்முன் நிறுத்தியது படமே. நிலத்தடி நீரை மிகுதியாக இறைப்பதனால் தொன்யானா இன்றும் இடர்ப்படுகிறது என்பதையும் இங்குச் சொல்லுதல் வேண்டும்.

நன்மையும் தீமையும்

கூட்டை மறைத்து வைப்பதா, ஊரறியக் காட்டிக் காவல் செய்வதா என்னும் வினாவுக்கு ஸ்கொத்லாந்து ஒரு விடை தந்தது. விராலடிப்பான் என்னும் மீனுண்ணும் பருந்து அந்நாட்டில் துப்பாக்கியாலும் முட்டைத் திருட்டாலும் அற்றுப்போயிருந்தது. 1954இல் ஒரு சோடி திரும்பி வந்து குஞ்சு பொரித்தது. பின்னர் லொக் கார்ட்டன் என்னும் ஏரிக்கரையிற் கூடு கட்டியபோது, காவல் இருந்தும் 1958இல் ஒருவன் இரவில் ஏறி முட்டைகளைக் கவர்ந்தான். அவற்றுக்குப் பதிலாகச் சப்பாத்து மை பூசிய கோழிமுட்டைகளை வைத்துச் சென்றான். அடுத்த ஆண்டு பறவைப் பாதுகாப்புச் சங்கத்தினர் துணிந்து ஒரு காரியம் செய்தனர். கூட்டைப் பொதுமக்களுக்கு அறிவித்து, தூரத்தே தொலைநோக்கிகள் நிறுத்தி, வந்து பாருங்கள் என்று அழைத்தனர். ஆயிரக்கணக்கானோர் வந்தனர். அத்தனை கண்கள் காவல் நிற்க, அவ்வாண்டு குஞ்சுகள் நலமே பறந்தன. இன்று பிரித்தானியாவில் இருநூறு சோடிகளுக்கு மேல் உண்டு.

நிற்க, தீமையின் பக்கத்தையும் நோக்குவோம். கூட்டருகே மனிதன் நிற்கும்வரை தாய்ப்பறவை முட்டையை விட்டு விலகியிருக்கும். குளிர்நாட்டில் முட்டை சில்லிட்டுப் போகும். வெப்ப நாட்டிலோ, இறகு முளையாத குஞ்சுக்குத் தாயின் விரித்த சிறகே குடை. அக்குடை ஒரு மணிநேரம் இல்லாவிடின் வெயிலே குஞ்சைக் கொன்றுவிடும். காட்சி தெளிவாகத் தெரிய வேண்டுமென்று கூட்டை மூடிய கிளையை வெட்டினால், காகத்துக்கும் வெயிலுக்கும் வழி திறந்ததாகும். நல்ல படப்பிடிப்பாளர் கிளையை வெட்டார். கயிற்றால் இழுத்துக் கட்டி, வேலை முடிந்ததும் அவிழ்த்து விடுவார். அடைகாக்கும் காலத்திற் கழுகு கூட்டை எளிதிற் கைவிடும் ஆதலின், குஞ்சு பொரித்துச் சில நாட்கள் கழியும்வரை அவர் அணுகவும் மாட்டார்.

இவ்வொழுக்கம் தனிமனிதர் மனச்சான்றுக்கு மட்டும் விடப்படவில்லை. பிரித்தானியாவின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, கழுகு போன்ற அரிய பறவைகளின் கூட்டருகே படம் எடுப்பதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். அஃதின்றித் தொந்தரவு செய்வது தண்டனைக்குரிய குற்றம். இன்று நெடுந்தொலைவிலிருந்தே படம் எடுக்கும் கண்ணாடிகள் வந்துவிட்டமையால், கூட்டருகே செல்ல வேண்டிய தேவையும் குறைந்துவிட்டது. ஆயினும் புதிய இடர்களும் வந்துள்ளன. பறக்கும் கமராவைக் கண்டு கழுகு கூட்டை விட்டு எழுகிறது. படத்தோடு இடக்குறிப்பையும் இணையத்தில் வெளியிட்டால், முட்டைத் திருடனுக்கும் குஞ்சு விற்பவனுக்கும் நாமே வழிகாட்டியவர் ஆகிறோம்.

பாதிப்பு கூட்டருகே மட்டும் நேர்வதில்லை என்பதற்கும் சான்று உண்டு. 1950களிலே பொரி வல்லூறு என்னும் அதிவேகப் பறவை பிரித்தானியாவில் விரைந்து குறைந்தது. டெறிக் றட்கிளிப் என்னும் ஆய்வாளர் 1967இல் காரணத்தை வெளியிட்டார். டீ.டீ.ரீ. முதலிய பூச்சிநாசினிகள் இரைகளின் வழியே வல்லூற்றின் உடலிற் சேர்ந்து முட்டை ஓட்டை மெலியச் செய்தன. அடைகாக்கும் தாயின் பாரத்தாலேயே முட்டை நொறுங்கியது. பழைய ஓட்டின் கனத்தை அறிய அவருக்குத் துணைபுரிந்தவை முட்டை சேகரித்தோர் விட்டுச்சென்ற பெட்டிகளே. கொள்ளையடித்தவற்றினின்றும் ஓர் உண்மை பிறந்தது. ஆயினும் அதற்காகக் கொள்ளையை நாம் போற்றுவதில்லை.

நம் நாட்டு மாணவருக்கு

பொன்னிறக் கழுகு நம் நாட்டில் இல்லை. அதனால் நமக்குக் குறைவொன்றும் இல்லை. வட கடலோரத்திலும் குளங்களிலும் வெண்வயிற்றுக் கடற்கழுகு மீன் பிடிப்பதைக் காணலாம். கருடன் எனக் கும்பிடும் செம்பருந்தை எங்கும் காணலாம். மாரி காலத்தில் வடநாடுகளிலிருந்து வரும் பூனைப் பருந்துகள் வயல்வெளிமீது தாழப் பறப்பதுண்டு. 1938இல் தேசியப் பூங்காவாகிய யாலையிலே, பாதையோர மரத்திற் குடுமிக் கழுகு அச்சமின்றி அமர்ந்திருக்கும். மனிதன் காலால் நடந்து சென்றால் பறந்துவிடும் அப்பறவை, மெல்ல வந்து நிற்கும் ஜீப் வண்டியைப் பொருட்படுத்துவதில்லை. வண்டியே அங்கு மறைவிடம். கதவைத் திறவாமலும், கூச்சலிடாமலும், ஒரு வண்டியின் முன் மற்றொரு வண்டியை முட்டி நெருக்காமலும் இருந்தாற் போதும்.

கமரா கையில் உள்ள மாணவர் சில வரையறைகளைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளுதல் நன்று. கூட்டைக் கண்டால் விலகிச் செல்க. அதன் இடத்தை வெளியிடற்க. பறவை உண்பதை நிறுத்தி நம்மையே நோக்கத் தொடங்கினால், மிக நெருங்கிவிட்டோம் என்று அறிந்து பின்வாங்குக. பறக்கும் படம் வேண்டுமென்று கல் எறிந்து எழுப்பற்க. நாளும் நேரமும், பறவை என்ன செய்தது என்பதும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதப்படட்டும். தெளிவற்ற படத்தோடு நல்ல குறிப்பு இருந்தால் அது அறிவுக்குப் பயன்படும். குறிப்பு இல்லாத அழகிய படம் சுவருக்கு மட்டுமே பயன்படும்.

கண்ணை இழந்த ஹொஸ்கிங் ஆந்தையைக் குறைகூறவில்லை என்று கண்டோம். பறவையின் இல்லத்துக்கு அழையாமற் சென்றவர் தாமே என்பதை அவர் மறக்கவில்லை. படத்தை விடப் பறவையின் நலமே முந்தியது என்பது இக்கலையில் வல்லோர் யாவரும் ஏற்றுக்கொண்ட விதி. எடுக்காமல் விட்ட படத்தை அடுத்த ஆண்டும் எடுக்கலாம். கூட்டைக் கைவிட்ட கழுகு அவ்வாண்டு மீண்டும் குஞ்சு பொரிப்பது அரிது. இக்கணக்கை மனத்திற் கொண்டு கமராவைத் தூக்குவோர் எத்தனை பேராயினும் அவர்களால் நம் வானத்துக்குக் கேடு வாராது.